பிரிட்டிஷ் தரைப்படையில் நிதி வெட்டு எங்கே விழுகிறது? தடம் பிடிக்கும் முறை

லண்டனில் ராணுவச் செலவைக் குறைப்பதாக ஓர் அறிவிப்பு வந்தால் மறுநாள் காலையில் எந்த டாங்கியும் காணாமல் போய்விடாது. ஆறு மாதம் கழித்து ஒரு கூட்டுப் பயிற்சி சத்தமில்லாமல் ரத்தாகும். இரண்டு வருஷம் கழித்துப் பட்டறையில் ஒரு கவச வாகனம் உதிரி பாகத்துக்காகக் காத்து நிற்கும். பத்து வருஷம் கழித்து, அன்றைக்கு வேண்டாம் என்று விட்ட பொருளையே அவசர அவசரமாக வாங்குவார்கள். செய்தியில் வருவது முதல் நாள் மட்டும்தான். பிறகு நடப்பதை அந்த முதல் நாளோடு முடிச்சுப் போடும் வேலை வாசிப்பவர் தலையில்தான் விழுகிறது.

அதற்குத் தனி ரகசியம் எதுவும் வேண்டாம். ஓர் எக்செல் தாள், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் எழுத்துமூலக் கேள்வி பதில்கள், தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகள், பாதுகாப்பு அமைச்சகம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ஆள் கணக்கு ஆகியவை போதும். எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த வரிசையில் படிப்பது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் தொகை

ஒரு பில்லியன் என்பது 100 கோடி. 2010-இல் பதவியேற்ற கூட்டணி அரசு, பாதுகாப்பு அமைச்சகக் கணக்கில் 38 பில்லியன் பவுண்டு துண்டு விழுகிறது என்றது. அது 3,800 கோடி பவுண்டு. அதை 38,000 கோடி என்று எழுதிவிடுவது சர்வ சாதாரணம். எழுதும்போது ஒரு பூஜ்ஜியத்தை இருமுறை பாருங்கள். ரூபாயாக மாற்றவே மாற்றாதீர்கள். நாணய மாற்று விகிதம் ஆடும் ஆட்டத்தில் வெட்டு எது, விகித மாற்றம் எது என்றே தெரியாமல் போய்விடும்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் எக்செல் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அன்றைய பவுண்டில் தொகை, விலையேற்றம் கழித்த தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம். அமைச்சர் எந்தப் பத்தியை மேற்கோள் காட்டுகிறார் என்று பாருங்கள். அநேகமாக அவருக்குச் சாதகமானது அதுவாகத்தான் இருக்கும். 2010 அக்டோபர் பாதுகாப்பு மறுஆய்வு சொன்ன 8 சதவீத வெட்டு, விலையேற்றம் கழித்து நான்கு ஆண்டில் வருவது. அன்றைய பவுண்டில் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சதவீதப் பத்தியிலும் ஒரு பொறி உண்டு: நாட்டின் உற்பத்தி சுருங்கினால், ஒரு பவுண்டுகூடச் சேர்க்காமலே ராணுவத்தின் சதவீதம் ஏறிவிடும். 1980-களின் நடுவில் 5 சதவீதத்தைத் தாண்டியிருந்த இந்த எண் அண்மை ஆண்டுகளில் 2.3 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2027 ஏப்ரலுக்குள் 2.5 ஆக்குவது இப்போதைய அரசின் இலக்கு.

இந்த மூன்று பத்தியும் சரியாக இருந்தாலும் ஒரு புதிர் மிஞ்சும். 2020 நவம்பரில் போரிஸ் ஜான்சன் அரசு நான்கு ஆண்டுகளுக்கு 1,650 கோடி பவுண்டு கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. நான்கே மாதத்தில், 2021 மார்ச்சில், தரைப்படையை 72,500 பேராகக் குறைக்கும் திட்டம் வந்தது. பணம் ஏறும்போது படை ஏன் இறங்கியது? விடை தொகையில் இல்லை, பணத்தின் வகையில் இருக்கிறது.

எந்தப் பணத்தில் கை வைக்க முடியும்

பிரிட்டிஷ் அரசுக் கணக்கில் இரண்டு பெட்டிகள் உண்டு. அன்றாடச் செலவுப் பெட்டியை அங்கே "ஆர்டெல்" என்பார்கள். சம்பளம், எரிபொருள், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் இதில். மூலதனப் பெட்டி "சிடெல்"; புதிய வாகனம், கப்பல், கட்டடம் இதில். மூலதனப் பெட்டியில் இருப்பதை எடுத்து டீசல் போட முடியாது. 2020 அறிவிப்பின் பெரும்பகுதி மூலதனப் பெட்டிக்குப் போனது. விலையேற்றத்தைக் கழித்தால் அன்றாடச் செலவுப் பெட்டி இறங்குமுகமாகவே இருந்தது. யானை வாங்கப் பணம் இருந்தது, தீனிக்கு இல்லை.

அடுத்து, அன்றாடப் பெட்டிக்குள்ளேயே எது கட்டுண்ட பணம், எது அவிழ்ந்த பணம் என்று பிரியுங்கள். சம்பளத்தை நடு ஆண்டில் குறைக்க முடியாது. ஆட்குறைப்பு செய்தால் இழப்பீட்டால் முதல் ஆண்டில் செலவு ஏறவே செய்யும். நீண்டகால ஒப்பந்தங்களை உடைத்தால் அபராதம். அணு ஆயுதப் பணத்தைச் சுற்றித் தனி வேலி. கடைசியில் மிஞ்சுவது சில்லறை இனங்கள்: பயிற்சிக்கான பயணச் செலவு, எரிபொருள், பயிற்சித் தோட்டாக்கள், உதிரி பாகங்கள், பகுதிநேர வீரர்களின் நாள் சம்பளம், பயிற்சி வகுப்புகளில் இடம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 100 ரூபாய் பெட்டியில் 88 ரூபாய் கட்டுண்டது என்று வையுங்கள். 3 சதவீதம் வெட்டு என்றால் 3 ரூபாய். ஆனால் அந்த 3 ரூபாயும் மிச்சமுள்ள 12 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும். "வெறும் 3 சதவீதம்" பயிற்சிக்காரர் மேசைக்கு வரும்போது 25 சதவீதமாக ஆகியிருக்கும். நிதியாண்டின் நடுவில், அக்டோபரில் வந்தால், மிச்சமிருக்கும் ஆறு மாதத்துக்குள் முழுத் தொகையையும் எடுக்க வேண்டும், அடி இரட்டிப்பாகும். ஆகவே அறிவிப்பு வந்த தேதியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசுக்கும் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான்.

இதற்கு 2009 அக்டோபரைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆப்கானிஸ்தான் போருக்குப் பணம் தேவைப்பட்டது. அன்று டெரிடோரியல் ஆர்மி எனப்பட்ட பகுதிநேரப் படைக்கு, மறு ஏப்ரல் வரை ஆறு மாதம் பயிற்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மிச்சமாகும் தொகை 2 கோடி பவுண்டு. மொத்த ராணுவச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் பகுதிநேர வீரருக்கு வந்த நாளுக்குத்தான் சம்பளம். வழக்கமான பிரிவுகளில் ஆண்டுக்கு 27 நாள் பயிற்சி முடித்தால்தான் வருடாந்தர ஊக்கத்தொகை. வாராந்தர மாலைப் பயிற்சியும் வார இறுதி முகாமும் நின்றால் ஆள் வேறு பொழுதுபோக்குக்குப் போய்விடுவார், திரும்ப மாட்டார். எதிர்ப்பு கிளம்பியது. முதலில் மாதம் ஒரு மாலை என்று இறங்கிவந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் கார்டன் பிரவுன் அரசு முழு முடிவையும் திரும்பப் பெற்றது. தொகை சிறியது, பணம் அவிழ்ந்தது, தேதி நடு ஆண்டு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வெட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பயிற்சி எப்படித் தேய்கிறது

பயிற்சி ஒரேயடியாக ரத்தாவது அபூர்வம். பெரும்பாலும் பெயர் அப்படியே இருக்கும், உள்ளடக்கம் கரையும். கரையும் வரிசை அநேகமாக இப்படி இருக்கும்.

முதலில் நாட்கள் குறையும். மூன்று வாரம் இரண்டாகும். போகவும் வரவும் வண்டிகளை ஏற்றி இறக்கவும் ஆகும் நாட்கள் குறையாது என்பதால், நிஜமாகப் பயிற்சி நடக்கும் நாட்கள்தான் கழியும். அடுத்து வண்டிகள் ஓடும் தூரத்துக்கு வரம்பு வரும். டாங்கியின் சங்கிலித் தடம், ரப்பர் பட்டைகள், எஞ்சின் எல்லாம் ஓடிய தூரத்துக்குத் தேய்பவை, ஓடாவிட்டால் செலவில்லை. மூன்றாவதாக உண்மைக் குண்டுகள் குறைந்து சிமுலேட்டர் மணிகள் கூடும். நான்காவதாகத் துணைப்படைகள் வராமல் போகும்: டாங்கிகளும் காலாட்படையும் வரும், பாலம் போடும் பொறியாளர்கள், பீரங்கிப் பிரிவு, எரிபொருள் லாரிகள், பழுதான வண்டியை இழுக்கும் மீட்பு வாகனம் இவற்றில் ஒன்றிரண்டு இருக்காது. கடைசிக் கட்டத்தில் தலைமையகம் மட்டும் கூடாரத்தில் உட்கார்ந்து கணினித் திரையில் போர் நடத்தும். அதையும் "டிவிஷன் அளவிலான பயிற்சி" (டிவிஷன் என்பது பல பிரிகேட்கள் சேர்ந்த பெரும்படை) என்றே செய்திக்குறிப்பு சொல்லும்.

ஆகவே ஒரு பயிற்சியைப் பற்றிப் படித்தால் பெயரை விட்டுவிட்டு ஐந்து விஷயம் தேடுங்கள்: எத்தனை பேர் களத்தில், எத்தனை நாள், எத்தனை வண்டி, உண்மைக் குண்டு சுட்டார்களா, துணைப்படைகள் எவை. பிரிட்டிஷ் முறையில் கூட்டுப் பயிற்சிக்கு 1 முதல் 5 வரை படிகள் உண்டு. சிறு குழுவில் தொடங்கி பிரிகேட், அதற்கும் மேல் என ஏறும். கீழ்ப்படிகளை முகாமுக்குப் பக்கத்திலேயே நடத்திவிடலாம். மேல்படிகளுக்கு நிலம், எரிபொருள், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கால அவகாசம் வேண்டும். வெட்டு எப்போதும் மேலிருந்துதான் தின்னும். 2006 முதல் 2014 வரை ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் நடந்த போருக்கு ஏற்ற பயிற்சியே எல்லா நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டதால், சமபலமுள்ள எதிரியோடு பெரிய அளவில் மோதும் பழக்கம் ஒரு தலைமுறை அதிகாரிகளிடம் இல்லாமலே போனது. அதை மீட்பது ஓர் ஆண்டு ஒதுக்கீட்டில் நடக்காது.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் மிகப் பெரிய பயிற்சித் திடலான சாலிஸ்பரி சமவெளி சுமார் 390 சதுர கிலோமீட்டர். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் சஃபீல்டில் 1972 முதல் பிரிட்டிஷ் படை பயன்படுத்திவரும் திடல் சுமார் 2,700 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ ஏழு மடங்கு. அங்கே டாங்கி, பீரங்கி, காலாட்படை எல்லாம் ஒன்றாக நகர்ந்துகொண்டே உண்மைக் குண்டு சுடலாம். சாலிஸ்பரியில் ஊரும் நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே. 2021-இல் வந்த மறுசீரமைப்புக்குப் பிறகு சஃபீல்டின் பெரிய கவசப் பயிற்சிகள் நின்று, கவனம் ஜெர்மனிக்கும் ஓமனுக்கும் நகர்ந்தது. "வேறு இடத்தில் நடக்கிறது" என்ற பதில் வந்தால், அந்த இடத்தின் பரப்பையும் அங்கே எத்தனை கிலோமீட்டர் தூரத்துக்குச் சுட அனுமதி என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிமுலேட்டரை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வார்மின்ஸ்டரில் உள்ள கூட்டுப் போர்ப் பயிற்சி மையத்தில் ஒரு டாங்கிக் குழு ஒரே நாளில் பத்துத் தாக்குதலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். களத்தில் ஒரு நாளைக்கு இரண்டு செய்தாலே பெரிது. சுடும் கட்டளைகளும் ரேடியோ ஒழுங்கும் அங்கே நன்றாகவே படியும். ஆனால் 60 டன்னுக்கு மேல் கனக்கும் வண்டி ஈரக் களிமண்ணில் கூர்மையாகத் திரும்பும்போது சங்கிலித் தடம் கழன்று விழுவதைத் திரை கற்றுத் தராது. இரவில், விளக்கில்லாமல், மழையில், நான்கு பேர் கடப்பாரையும் சங்கிலியும் வைத்து அதை மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். அந்த மணிநேரங்களில்தான் மெக்கானிக் மெக்கானிக் ஆகிறார், எரிபொருள் லாரிக்காரர் இருட்டில் வழி கண்டுபிடிக்கப் பழகுகிறார். சிமுலேட்டர் களத்துக்கு முன்னால் வந்தால் லாபம். களத்துக்குப் பதிலாக வந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். 2000-இல் பிளிமத் அருகே கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியில், சிக்கனத்துக்காகக் குண்டு சுடாமல் வாயால் "டமார்" என்று கத்தவைத்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், வாயால் கத்தும்போது எந்தக் குண்டும் குழலில் மாட்டிக்கொள்ளாது என்பதுதான் அந்தப் பயிற்சி முறையின் குறை.

டாங்கியை எண்ணும்போது

ஒரு சொல் எச்சரிக்கை. தமிழ் நாளிதழ்களில் டாங்கியையும் பீரங்கி என்பார்கள், ஏஎஸ்90 போன்ற, தானே ஓடும் வண்டியில் பொருத்திய பீரங்கியையும் பீரங்கி என்பார்கள். படத்தில் இரண்டுமே சங்கிலித் தடத்தில் ஓடுவதால் தலைப்பும் மாறிப் போகும். எண்ணத் தொடங்கும் முன் இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

1998-இல் படையில் சேரத் தொடங்கிய சேலஞ்சர் 2 டாங்கிகள் மொத்தம் 386 வாங்கப்பட்டன. 2010 மறுஆய்வு டாங்கிப் படையில் 40 சதவீதத்தைக் குறைத்தது; பிறகு 227 என்ற எண் நிலைத்தது. அவற்றில் 14 டாங்கிகளை 2023-இல் உக்ரைனுக்குக் கொடுத்தார்கள். 2021 மே மாதம் 80 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் 148 டாங்கிகளைச் சேலஞ்சர் 3 ஆக மாற்ற டெல்ஃபோர்டில் உள்ள ரைன்மெட்டல் பிஏஇ நிறுவனத்திடம் வேலை போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் அந்த 148-ஐப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு டாங்கி ரெஜிமென்ட்டின் அமைப்பு: 18 டாங்கிகள் கொண்ட மூன்று ஸ்குவாட்ரன், தலைமையகத்துக்கு 2, மொத்தம் 56. இரண்டு ரெஜிமென்ட்டுக்கு 112. மிச்சம் 36. அதிலிருந்து டார்செட்டில் உள்ள கவசப் படைப் பயிற்சிப் பள்ளிக்கு எடுக்க வேண்டும், பெரிய பழுதுபார்ப்பில் எப்போதும் சில இருக்கும், சோதனைக்குச் சில, போரில் இழந்தால் ஈடு செய்ய மீதி. மூன்றாவது ரெஜிமென்ட்டுக்கு இடமே இல்லை என்பது எந்த அறிக்கையும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. ஒரு வண்டிக்கு நான்கு பேர் வீதம் ஒரு ரெஜிமென்ட்டுக்கு 224 டாங்கி வீரர்கள். விடுப்பு, காயம், படிப்பு போக அத்தனை பேர் தயாரா என்பது அடுத்த கேள்வி.

ஆகவே ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் நான்கு எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: சொத்துப் பட்டியலில் இருப்பது, படைப்பிரிவின் கையில் இருப்பது, இன்று ஓடக்கூடியது, பயிற்சி பெற்ற குழு உள்ளது. முதல் எண்ணைத்தான் அமைச்சர் சொல்வார். முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இருப்பது "ஹோல் ஃப்ளீட் மேனேஜ்மென்ட்" என்ற முறை. ரெஜிமென்ட்டின் கையில் சிறு பங்கை மட்டும் விட்டு, மற்றவற்றை ஈரப்பதம் கட்டுப்படுத்திய கிடங்குகளில் பூட்டிவைத்து, பயிற்சிக்கு வேண்டும்போது பொதுத் தொகுப்பிலிருந்து தருவார்கள். காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் வாடகைக் காரை யாரும் சொந்தக் காரைப்போலப் பார்ப்பதில்லை. அன்றாடம் தன் வண்டியின் சத்தம் தெரிந்து வைத்திருக்கும் டிரைவருக்கு இருக்கும் பிடிப்பு, மூன்று வாரத்துக்கு வாங்கிய வண்டியில் வராது. சிறு கோளாறுகள் எழுதப்படாமல் அடுத்தவர் தலையில் போய் விழும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் இருப்பது உதிரி பாகம். பணம் குறைந்தால் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டுவார்கள். இது இருமடங்கு வேலை: நல்ல பாகத்தைக் கழற்ற ஒருமுறை, பிறகு அந்த வண்டிக்குப் புதிது வந்ததும் மாட்ட ஒருமுறை. கழற்றும்போது உடையும் போல்ட்டும் சீலும் தனிக் கணக்கு. தரைப்படைக்கு இந்த எண்ணிக்கை எளிதில் கிடைக்காது. கடற்படைக்குத் தணிக்கை அலுவலகம் 2017-இல் கணக்கெடுத்தது. ஐந்து ஆண்டில் இப்படிப் பாகம் மாற்றுவது 49 சதவீதம் ஏறியிருந்தது. பராமரிப்புப் பணத்தில் நடு ஆண்டில் கை வைத்ததையும் அதே அறிக்கை சுட்டியது.

சிறிய படைக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. சேலஞ்சர் 2-இன் 120 மில்லிமீட்டர் குழலின் உட்புறம், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் உண்டு. நேட்டோவின் மற்ற நாடுகளில் இதே அளவுள்ள டாங்கிக் குழல் வழவழப்பானது. பிரிட்டனும் ஓமனும் மட்டுமே வாங்கிய டாங்கிக்குத் தனியாகக் குண்டு செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சமாக. உற்பத்தி வரிசையை ஓடவைக்கும் அளவுக்கு ஆர்டர் இல்லையென்றால் ஒவ்வொரு குண்டின் விலையும் ஏறும்; விலை ஏறினால் பயிற்சிக்குக் கொடுப்பது குறையும். சேலஞ்சர் 3-க்கு வழவழப்பான குழல் பொருத்துவதன் முக்கியக் காரணங்களில் இந்தக் குண்டுப் பிரச்சினையும் ஒன்று.

பீரங்கிப் பக்கம் கணக்கு இன்னும் சுருக்கம். 2010-இல் ஏஎஸ்90 கையிருப்பில் 35 சதவீத வெட்டு. 2023-இல் 32 ஏஎஸ்90 உக்ரைனுக்குப் போயின. இடைக்கால மாற்றாக ஸ்வீடனிலிருந்து வாங்கியது 14 ஆர்ச்சர் பீரங்கி. 18 பீரங்கி கொண்ட ஒரு ரெஜிமென்ட்டுக்கே அது முழுதாகக் காணாது. கற்றுக்கொள்ளவும் அதே வண்டிகள்தான்.

தள்ளிப்போட்டதன் விலை

வாங்குவதைத் தள்ளிப்போட்டால் இந்த ஆண்டுப் பெட்டி மிச்சமாகும், மொத்த விலை ஏறும். தொழிற்சாலையில் ஆட்களை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும், பழைய வண்டியை அதிக காலம் ஓட்ட வேண்டும், விலையேற்றமும் சேரும். 2009-இல் பெர்னார்ட் கிரே தலைமையில் வந்த ராணுவக் கொள்முதல் ஆய்வு, ஒரு திட்டம் சராசரியாக ஐந்து ஆண்டு தாமதமாகிறது என்றது. கடற்படை உதாரணம்தான் என்றாலும் சொல்ல வேண்டியது: 2008 டிசம்பரில் விமானந்தாங்கிக் கப்பல்களை ஓரிரு ஆண்டு தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்ததில், மொத்தச் செலவு 100 கோடி பவுண்டுக்கும் மேல் கூடிப்போனது.

தரைப்படைக்கு பாக்ஸர் கவச வாகனம். ஜெர்மனியோடு கூட்டாக உருவாக்கிய திட்டத்திலிருந்து பிரிட்டன் 2003-இல் விலகியது. 2018-இல் திரும்ப வந்து, 2019 நவம்பரில் 500-க்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 230 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டும் 1960-களில் படையில் சேர்ந்த எஃப்வி432 என்ற கவச வாகனம் ஓடிக்கொண்டிருந்தது. வாரியர் காலாட்படை வாகனத்தின் மேம்பாட்டுத் திட்டத்தை 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த பின் 2021 மார்ச்சில் கைவிட்டார்கள். வாரியரில் 30 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு. அதன் இடத்துக்கு வரும் பாக்ஸர்களில் இயந்திரத் துப்பாக்கிதான். உங்கள் தாளில் "மாற்று" என்ற பத்தியில் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் சுடும் திறனையும் எழுதுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று தெரியும் மாற்றங்கள் பல அப்படி இல்லை.

இன்னொரு பொறி, போர்க்கால அவசரக் கொள்முதல். ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் மாஸ்டிஃப், ஜாக்கல் போன்ற வாகனங்கள் நிதியமைச்சகத்தின் தனிக் கையிருப்பிலிருந்து வந்தன. ராணுவத்தின் சொந்தப் பெட்டி பெரும்பாலும் தொடப்படவில்லை. போர் முடிந்ததும் அவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமானால் உதிரி பாகம், பயிற்சி, கொட்டகை எல்லாம் சொந்தப் பெட்டியிலிருந்து. அந்த ஆண்டுகளில் கருவி கூடியதுபோலத் தோன்றும் கோடு நிஜமானதல்ல, இரவல் நகை.

அவசரக் கொள்முதலுக்கும் காலம் வேண்டும். 2003 ஈராக் படையெடுப்புக்கு முன் மேம்பட்ட உடற்கவசம் வாங்கும் ஆர்டர் சில வாரம் தாமதமானது. தன் கவசத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்த ஒரு டாங்கிப் படை சார்ஜென்ட் மார்ச் மாதம் சுடப்பட்டு இறந்தார். கொசோவோ போருக்குப் பின் சுமார் 2 லட்சம் கவசங்கள் விநியோகிக்கப்பட்டும் அவை எங்கே என்று தெரியவில்லை எனத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு எழுதியது. பணத்தட்டுப்பாட்டோடு கிடங்குக் கணக்கின் ஓட்டையும் சேர்ந்த கதை இது. கையிருப்பைக் குறைத்து "தேவைப்படும்போது வாங்கலாம்" என்று எங்கே படித்தாலும், ஆர்டர் கொடுத்த நாளுக்கும் வீரர் கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை வாரம் என்று தேடுங்கள்.

ஆள் கணக்கு

முழுநேரத் தரைப்படை வீரர்கள் 1990-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2012 திட்டப்படி 82,000. 2021-இல் 72,500 என்று சொல்லிப் பிறகு 73,000. இவை இலக்குகள். நிஜ எண்ணுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிக் கணக்கைப் பாருங்கள். 2025 தொடக்கத்தில் முழுநேரத் தொழிற்பயிற்சி முடித்தோர் சுமார் 71,000, அதாவது குறைத்த இலக்குக்கும் கீழே.

2016 அக்டோபரில் ஒரு வரையறை மாறியது. அதுவரை இரண்டாம் கட்டப் பயிற்சியும் முடித்தவரே "பயிற்சி பெற்றவர்"; அதன்பின் தரைப்படையில் முதல் கட்டம் முடித்தாலே அந்தப் பெயர். பழைய தொடரோடு ஒப்பிட வேண்டுமானால் "தொழிற்பயிற்சி முடித்தோர்" என்ற வரிசையை எடுங்கள். இதைத் தவறவிட்டு, படை திடீரென்று வளர்ந்ததாக எழுதியவர்கள் உண்டு.

ரெஜிமென்ட் கலைப்புச் செய்திகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ரெஜிமென்ட்டின் அடையாளமான தொப்பி முத்திரைக்காக உள்ளூர் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கொதிப்பார்கள். லாரிப் பிரிவும் பழுதுபார்க்கும் பிரிவும் சுருங்கும்போது யாரும் கொதிக்க மாட்டார்கள். 2012 திட்டம் 17 பெரிய பிரிவுகளைக் குறைத்தது. காலாட்படை பட்டாலியன்கள் அதில் ஐந்து மட்டுமே. விவாதம் முழுக்க அந்த ஐந்தைப் பற்றித்தான்.

வெட்டா, கோளாறா

எல்லாவற்றையும் வெட்டின் தலையில் கட்டினால் உங்கள் தாள் பொய் சொல்லும். அஜாக்ஸ் கவச வாகனத் திட்டம் 589 வண்டிக்கு 550 கோடி பவுண்டு. 2021 டிசம்பர் வரை 320 கோடி கொடுத்தாகிவிட்டது; வந்தது 26, பயன்படுத்தும் நிலையில் எதுவுமில்லை. சத்தமும் அதிர்வும் அதிகமாகி, சோதனையில் இருந்த வீரர்களின் காதைப் பரிசோதிக்க வேண்டிவந்தது. பணம் இருந்தது, வடிவமைப்பும் மேற்பார்வையும் தவறின. ஆள்சேர்ப்பும் அப்படித்தான்: 2012-இல் தனியாரிடம் கொடுத்த 49.5 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் கணினி அமைப்பே 52 மாதம் தாமதம். விண்ணப்பித்தவர் சேர 321 நாள் வரை ஆனது. இங்கே சிக்கனம் செய்யப் போய் நிர்வாகம் கெட்டது, இரண்டும் கலந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே வெ, கோ, இரண்டும் என்று குறியிடுங்கள். குறியிட முடியாவிட்டால் காலியாக விடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தணிக்கை அலுவலகம் 2023 டிசம்பரில் பத்தாண்டுக் கருவித் திட்டத்தில் 1,690 கோடி பவுண்டு துண்டு விழுகிறது என்றது. அதில் தரைப்படையின் பங்கு சிறிதாகத் தெரியும். காரணம், கட்டுப்படியாகும் இனங்களை மட்டுமே தரைப்படை பட்டியலில் எழுதியிருந்தது. தேவையானதையெல்லாம் எழுதியிருந்தால் இன்னும் சுமார் 1,200 கோடி கூடியிருக்கும் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. சமன்பட்ட கணக்கைக் கண்டால் என்ன எழுதவில்லை என்று கேளுங்கள்.

விடை கிடைக்காத இடத்தில்

2000-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி எந்த நாட்டிலிருந்தும் மின்னஞ்சலில் கேட்கலாம். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். மத்திய அரசுத் துறைக்கு 600 பவுண்டு வரம்பு. மணிக்கு 25 பவுண்டு வீதம் 24 மணிநேர வேலைக்கு மேல் ஆகும் என்றால் மறுத்துவிடலாம். ஆகவே "எல்லாப் பயிற்சிகளின் விவரமும்" என்று கேட்டால் நிச்சயம் மறுப்புதான். ஒரு திடல், ஒரு நிதியாண்டு, ஓர் எண் என்று கேளுங்கள்: "2022 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாலிஸ்பரி சமவெளியில் பதிவு செய்து பின் ரத்தான படைப்பிரிவுப் பயிற்சிகள் எத்தனை, ரத்துக்கான காரண வகை என்ன?"

ஓடக்கூடிய டாங்கி எண்ணிக்கையை இன்றைய தேதிக்குக் கேட்டால் 26-ஆம் பிரிவைக் காட்டி, பாதுகாப்பு கெடும் என்பார்கள். மூன்றாண்டுக்கு முந்தைய சராசரியைச் சதவீதமாகக் கேட்டால் சில சமயம் வரும். ரத்துக்கான காரணம் "செலவு" என்று எழுதியிருப்பதை எதிர்பார்க்காதீர்கள். "முன்னுரிமை மாற்றம்", "வாகனம் கிடைக்கவில்லை", "ஆள் கிடைக்கவில்லை" என்றுதான் வகைகள் இருக்கும். கேட்கும் முன் நாடாளுமன்றப் பதில்களில் அதே கேள்வி வந்திருக்கிறதா என்று தேடிவிடுங்கள். பதில் வந்ததும் அதில் உள்ள எண்ணை எந்தத் தேதி நிலவரப்படி என்பதோடு தாளில் ஏற்றுங்கள். மறுத்தால் 40 வேலை நாளுக்குள் உள் மறுஆய்வு கேட்கலாம்.